சைலன்சர் முதலா, ஷாக் அப்சார்பர் முதலா?

புது பைக் வாங்கும் பையன்கள் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். இந்த ஒரு விஷயத்தில் இந்தியா முழுக்க ஒரே ஊர். சென்னையில் ஜி.பி. ரோடு, பெங்களூரில் ஜே.சி. ரோடு, தில்லியில் கரோல் பாக், நான் இருக்கும் புனேயில் நானா பேட் என்று கடைத்தெருவின் பெயர் மட்டும்தான் மாறுகிறது. முதல் வேலை, முதல் தவணை, மூன்றாம் மாதம் கம்பெனி சைலன்சர் பரணில். பையன் தெருமுனை திரும்பும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிடும், தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடலாம் என்று :-)

ஏன் சைலன்சர்? டயரில் ஏன் இல்லை, பிரேக்கில் ஏன் இல்லை, ஷாக் அப்சார்பரில் ஏன் இல்லை? சத்தத்துக்கு ஆசைப்பட்டு என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. "சைலன்சரை மாத்து, வண்டி பறக்கும்" என்று நம் சித்தப்பாக்களும் மாமாக்களும் சொன்னது பொய் இல்லை. அவர்கள் ஓட்டிய வண்டிக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. வண்டி மாறிவிட்டது. அறிவுரை மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கதை தொடங்குவது கிழக்கு ஜெர்மனியில். எம்இசட் என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வால்டர் காடென் என்று ஒரு பொறியாளர் இருந்தார். 1950களில் டூ ஸ்ட்ரோக் என்ஜினை யாரும் பெரிய பந்தய வண்டியாக மதிக்கவில்லை. புகை விடும், பெட்ரோலை வீணடிக்கும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கின் அடிப்படைக் குறை என்னவென்றால், எரிந்த புகை வெளியே போகும் வாசலும் புதுக் கலவை உள்ளே வரும் வாசலும் ஒரே நேரத்தில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். புகையோடு சேர்ந்து நல்ல கலவையும் வெளியே ஓடிவிடும்.

புகைக்குழாயின் வடிவத்தை வைத்தே இதைச் சரிசெய்யலாம் என்பதை டிகேடபிள்யூ கம்பெனிக்காரர்கள் முன்பே கொஞ்சம் தொட்டிருந்தார்கள். காடென் அதை முழுமையான கலையாக ஆக்கினார். என்ஜினிலிருந்து புகை வெடித்துக் கிளம்பும்போது ஓர் அழுத்த அலையும் குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் அகன்றுகொண்டே போகும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சம் இருக்கும் புகையை இழுத்து வெளியே போடுகிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே தப்பித்து வந்த நல்ல கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திணிக்கிறது. அந்த நொடியில் பிஸ்டன் வாசலை மூடிவிடுகிறது. வால்வு இல்லாத என்ஜினுக்கு அலையே வால்வு! எந்த அசையும் பாகமும் கிடையாது. வெறும் தகரக் குழாய், அதன் நீளமும் அகலமும், அவ்வளவுதான். 1961இல் காடெனின் 125 சிசி என்ஜின் 25 குதிரைசக்தி கொடுத்தது. அதாவது லிட்டருக்கு 200 குதிரைசக்தி. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ மாதிரி எதுவும் இல்லாமல் அந்த அளவை அதற்கு முன் யாரும் எட்டியதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடன் கிராண்ட் பிரீ. எம்இசட்டின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 125 சிசி உலகப் பட்டத்துக்குப் புள்ளிகளில் முன்னணியில் இருந்தார். பந்தயத்தில் என்ஜின் பழுதானது. அன்றே அவர் நாட்டுக்குத் திரும்பாமல் மேற்கே தப்பிவிட்டார். மனைவியையும் குழந்தைகளையும் ஒரு காரின் டிக்கிக்குள் ஒளித்து எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். டெக்னர் போய்ச் சேர்ந்தது சுஸுகியில். 1962இல் 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு, ஓட்டியவர் டெக்னர். காடெனின் குழாய் ரகசியம் ஜப்பானுக்குக் குடிபெயர்ந்தது இப்படித்தான். ஒரு மனிதர் ஊர் மாறும்போது அவர் தலைக்குள் இருக்கும் தொழிலும் கூடவே மாறும் என்பது, பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்குப் புரியாததா!

நிற்க. இந்தியாவுக்கு இது எப்போது வந்தது?

நம் ஊரில் டூ ஸ்ட்ரோக் அதற்கு முன்பே உண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்து வந்த ஜாவாவும் யெஸ்டியும், எஸ்கார்ட்ஸின் பழைய ராஜ்தூத்தும் டூ ஸ்ட்ரோக்தான். ஆனால் ஜப்பானியச் சரக்கு வந்தது 1980களில். 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்டி 350ஐ ராஜ்தூத் 350 என்ற பெயரில் விட்டது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகி ஏஎக்ஸ் 100. 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100. இந்த மூன்றையும் சொன்னாலே ஐம்பது வயதைத் தாண்டிய மாமாக்களின் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

ராஜ்தூத் 350ல் இரண்டு வகை வந்தது. ஹை டார்க் 30.5 குதிரைசக்தி, லோ டார்க் 27 குதிரைசக்தி. பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது இரண்டாவது. இரண்டுக்கும் இருந்த முக்கிய வித்தியாசங்களில் ஒன்று புகைக்குழாய். நம் பையன்களுக்குச் சொல்லித்தர வேறு பாடம் வேண்டுமா? குழாயில்தான் குதிரை இருக்கிறது என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

ஆர்எக்ஸ் 100 இன்னும் ஒரு படி மேல். 98 சிசி, 11 குதிரைசக்தி, நூறு கிலோவை ஒட்டிய எடை. மெக்கானிக் கையில் கிடைத்தால் களிமண் மாதிரி. புகை வாசலை மேலே கொஞ்சம் அரத்தால் ராவி உயர்த்துவார்கள். ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டுவார்கள். ரீட் வால்வை மாற்றுவார்கள். கார்புரேட்டரில் பெரிய ஜெட் போடுவார்கள். கடைசியில் தகரத்தை வெட்டி, சுருட்டி, வெல்டு வைத்து ஒரு எக்ஸ்பான்ஷன் சேம்பர். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். காபிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். டைனோ இயந்திரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. காதும் கண்ணும்தான் கருவி.

இந்தக் கலைக்குப் பரீட்சைக் கூடமாக இருந்தது சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. ஓடுதளம் என்றால் என்ன அர்த்தம்? நீண்ட நேர்ப்பாதை. நேர்ப்பாதையில் ஜெயிப்பது என்ஜின் சக்தி. அங்கே ஜெயித்த வண்டியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் மனதில் எது பதியும்? சைலன்சர்தான். 1990இல் அதே கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயத் தடம் அமைத்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். அங்கே கேள்வித்தாள் வேறு. திருப்பத்தில் வண்டி தரையைப் பிடித்து நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் தெருவில் ஓட்டியவர்களுக்கு இந்தப் புதுப் பாடம் போய்ச் சேர ரொம்ப நாள் ஆனது.

ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானில் ஆர்டி 350க்கு முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே வந்த ராஜ்தூத் 350க்கு டிரம் பிரேக்தான். ஓட வைக்கும் சரக்கு வந்தது, நிறுத்தும் சரக்கு வரவில்லை. ஆர்எக்ஸ் 100இலும் முன்னும் பின்னும் டிரம்தான். இருந்தும் சம்பாதித்த காசெல்லாம் சைலன்சருக்கும் போர்ட்டிங்குக்கும் போனது. அந்தத் தலைமுறையில் எத்தனை வீடுகளில் ஒரு போட்டோ மட்டும் மாலையோடு தொங்குகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அரசின் புகை விதிகள் வந்தன. 1991, 1996, 2000 என்று ஒவ்வொரு தடவையும் இறுக்கம் கூடியது. பாதி எரிந்த எண்ணெயை வெளியே விடும் டூ ஸ்ட்ரோக்கால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆர்எக்ஸ் 100 1996இலேயே நின்றது. அதன் தம்பி ஆர்எக்ஸ் 135 2005 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. இதற்கிடையில் 1999இல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001இல் பஜாஜ் பல்சர், 2003இல் கரிஸ்மா என்று ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் இளைஞர்களின் கைக்கு வந்துவிட்டன.

இங்கேதான் பழைய அறிவுரை காலாவதியானது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வாசலைத் திறந்து மூட நிஜமான வால்வுகளே இருக்கின்றன. அலை வந்து செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. புகைக்குழாய்க்கு அங்கேயும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் குழாய் என்பது என்ஜினின் ஒரு பாகம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது பெரும்பாலும் புகை போகும் வழி. வால் பக்கத்துச் சைலன்சரை மட்டும் மாற்றினால் மிஞ்சுவது கொஞ்சம் எடைக் குறைவு, நிறையச் சத்தம். உட்கார்ந்திருப்பவனுக்கு வண்டி வேகமாகப் போவது போலத் தோன்றும். காது செய்யும் ஏமாற்று வேலை அது.

சரி, ஷாக் அப்சார்பர் கதைக்கு வருவோம். இதுவும் பழைய கதைதான், ஆனால் நம் தெருக்களில் யாரும் சொல்லாத கதை.

1948இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 350 புல்லட் ஒரு போட்டியில் இறங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். பின்சக்கரம் ஒரு கையில் தொங்கி மேலும் கீழும் அசைந்தது. அதுவரை பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பூட்டியிருக்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையில் பட்டால்தானே என்ஜினின் சக்தி தரைக்குப் போகும்? புல்லட் அதே ஆண்டு சர்வதேச ஆறு நாள் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய பிறகு சிரிப்பு நின்றது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்த புல்லட் இந்த வம்சம்தான். சத்தத்துக்காகவே நாம் கொண்டாடும் வண்டி, உலகத்துக்கு முதலில் காட்டியது சஸ்பென்ஷனை!

1950இல் இன்னொரு சம்பவம். ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தில் நார்ட்டன் கம்பெனி, பெல்ஃபாஸ்ட் நகரத்து மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்த புதுச் சட்டத்தோடு வந்தது. ஓட்டிப் பார்த்தவர் இறகு மெத்தை மாதிரி இருக்கிறது என்று சொல்லப்போய், ஃபெதர்பெட் என்றே பெயர் நிலைத்தது. நார்ட்டனின் ஒற்றைச் சிலிண்டரைவிட இத்தாலிய கிலேராவின் நாலு சிலிண்டருக்குச் சக்தி அதிகம். ஆனால் நார்ட்டனில் ஜெஃப் டியூக் 1950இல் சீனியர் டிடி ஜெயித்தார். 1951இல் 500 சிசி உலகப் பட்டமும் அவருக்கே. கிலேரா கடைசியில் செய்தது என்ன? டியூக்கையே வேலைக்கு எடுத்து, அவர் சொன்னபடி சட்டத்தைத் திருத்தியது. 1953 முதல் 1955 வரை வரிசையாக மூன்று பட்டம்.

1976இல் ஸ்வீடனில் கென்த் ஓலின் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பர் செய்து விற்கும் கம்பெனி தொடங்கினார். இரண்டே ஆண்டில் அவர் சரக்கைப் பூட்டிய வண்டி 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றது. பிற்பாடு யமஹாவே 1987இல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. என்ஜினுக்குப் பெயர்போன கம்பெனி காசு கொடுத்து வாங்கியது எதை என்று பாருங்கள்.

இந்தியத் தெருவுக்கு இந்தப் பாடம் 2008இல் வந்தது. யமஹா ஆர்15. 150 சிசி, 17 குதிரைசக்தி. 223 சிசி கரிஸ்மாவின் சக்தியும் ஏறத்தாழ அதேதான். ஆனால் டெல்டாபாக்ஸ் சட்டமும் மோனோஷாக்கும் இருந்த ஆர்15 திருப்பத்தில் நடந்துகொண்ட விதமே வேறு. 2012இல் புனேக்குப் பக்கத்தில் சாக்கனிலிருந்து கேடிஎம் டியூக் 200 வந்தபோது, டபிள்யூபி கம்பெனியின் தலைகீழ் ஃபோர்க்கோடு வந்தது. 2021இல் ஓசூர் டிவிஎஸ், அப்பாச்சி ஆர்ஆர் 310க்குத் தொழிற்சாலையிலேயே பூட்டித் தரும் கூடுதல் கிட் அறிவித்தது. ஒரு கிட்டில் முழுக்கத் திருப்பி அமைத்துக்கொள்ளக்கூடிய முன், பின் சஸ்பென்ஷன். இன்னொன்றில் பந்தய ஹேண்டில்பாரும் உயர்த்திய ஃபுட்ரெஸ்டும். சைலன்சர் கிட் இல்லை. 1984இல் ஏஎக்ஸ் 100 வந்த அதே ஓசூர்!

இப்போது உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ஸ்போர்ட்ஸ் பைக் வைத்துக்கொண்டு "ஏதாவது அப்கிரேட் பண்ணணும்பா" என்று நின்றால், என்னைக் கேட்டால் வரிசை இதுதான்.

முதலில் டயர், பிரேக் பேட். தரையைத் தொடுவது டயர் மட்டும்தான்.

இரண்டாவது, காசில்லாத வேலை. இருக்கும் சஸ்பென்ஷனை ஓட்டுபவரின் எடைக்குச் சரிசெய்வது. வண்டியைத் தூக்கிப் பின்சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே சீட்டின் ஓரம் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி உட்கார்ந்து அதையே மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் சாலைக்கு நல்லது. அதைவிட அதிகம் அமுங்கினால் பிரீலோடைக் கூட்ட வேண்டும், குறைவாக அமுங்கினால் குறைக்க வேண்டும். பிரீலோடைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பல மெக்கானிக்குகளே சொல்வார்கள். ஆகாது. வண்டி உட்காரும் உயரம்தான் மாறும். பிரீலோடை முழுக்கத் திருகியும் அமுங்குகிறது என்றால் ஸ்பிரிங்கையே எடைக்குத் தக்கபடி மாற்ற வேண்டும்.

மூன்றாவது, முன் ஃபோர்க்கின் ஆயில். என்ஜின் ஆயிலை மறக்காமல் மாற்றும் பலர் இதை வண்டியை விற்கும்வரை மாற்றுவதில்லை. வேகத்தடை தாண்டியபின் வண்டி ஒரு தரம் எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று தரம் ஆடினால் ரீபவுண்ட் தணிப்பு போதவில்லை என்று அர்த்தம். ஆயில் மாற்றியும் தீராவிட்டால் நல்ல பின் ஷாக் வாங்கலாம். மழைக்காலத்தில் தாம்ஹிணி காட் பக்கம் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். திருப்பத்தின் நடுவில் பள்ளம் வரும்போது உயிரைக் காப்பது இதுதான்.

கடைசியில் சைலன்சரும் டியூனிங்கும். பிஎஸ் 6 வண்டியில் (2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவை) புகைக்குழாய்க்குள் ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் உட்கார்ந்திருக்கின்றன. முழுக் குழாயையும் கழற்றினால் ஈசியூவின் கணக்கும் குழம்பும். அதற்கு மறுபடி மேப் எழுத வேண்டும். கன்வெர்ட்டரை எடுத்தால் புகை விதி மீறல். பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் வண்டி என்றால் அது வேறு விஷயம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி திருத்தக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பின், ஒலி, புகை விதியை மீறினால் 190(2)இன் கீழ் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம், லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். பல நகரங்களில் போலீஸ் பிடுங்கிய சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியதைப் படத்தோடு பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு வெளி மாநிலத்தில் ஓட்டுபவரைச் சாதாரணமாகவே நிறுத்துவார்கள், சைலன்சர் வேறு கத்தினால் கேட்கவே வேண்டாம். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரரிடம் சொல்லாத மாற்றம் இழப்பீட்டில் தகராறாக வந்து நிற்கும். ஃபோர்க் ஆயில் மாற்றியதற்கு யாரும் ரசீது எழுதப் போவதில்லை.

அப்பாக்களுக்கு ஒன்று. "இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் மறுத்தால், பையன் உங்களிடம் சொல்லாமல் சைலன்சரைத்தான் மாற்றிக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். அவன் வண்டியில் உட்காரட்டும், நீங்கள் அளவு எடுங்கள். அரை மணி நேர வேலை.